இருப்பு ஒன்பது

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
அயனாவரத்தின் துப்பாக்கிகள்
ஸ்டேஷனுக்கு வரத் தொடங்கிவிடும்,
போர்வையில் சுற்றி, கேரம்போர்டு உறையில் போட்டு,
ஒருவர் பழைய பட்டு வேட்டியில்.
நான் எழுத்தர்.
ஆயுதப் பதிவேடு என் கையெழுத்தில்தான் ஓடுகிறது.

நகைக்கடைக்காரர் தன் ரிவால்வரைப்
பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறவர்போல் விட்டுப்போனார்.
"ஈரம் படாத இடமா வைங்க மேடம்."
இந்தக் கட்டடத்தில் ஈரம் படாத இடம்
லாக்கப் ஒன்றுதான்.
சொல்லவில்லை.

குழலில் பொறித்த எண்ணை
நகத்தால் தடவித் தடவி எழுதவேண்டும்.
செல்லுபடியாகும் எல்லை: தமிழ்நாடு.
ஆரம்பாக்கம் வரை இது ஒரு சாமான்.
தடாவில் இறங்கினால் குற்றம்.
இரும்புக்கு எதுவும் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம்
எப்சிபா வந்தாள்,
மீன் வாங்கும் ஒயர்கூடையில் தோட்டாக்கள்,
தோளில் இரட்டைக்குழல்,
எடை தெரியாத பொருளைத் தூக்கும் நடை.
கணவர் செங்கோல்ராஜ், பேங்க் காவலர்,
தை மாதம் காலமாகிவிட்டார்.
உரிமம் அவரோடு முடிந்தது.
துப்பாக்கி முடியவில்லை.

"வாங்கினது பத்து. இருப்பு ஒன்பது.
ஒண்ணு எங்கம்மா?"
"சுட்டாச்சு."
"எதை?"
"மேல."
"மேலன்னா?"
"எங்க ஹால் சீலிங்கை.
நான் கீழ உக்காந்திருந்தேன்.
சிமென்ட் வெச்சுப் பூசிட்டாரு மறுநாளே.
ஆனா ஐப்பசி வந்தா
அங்கதான் ஒழுகும்."

'பயன்படுத்திய காரணம்' என்று ஒரு கட்டம்.
முந்தைய பக்கங்களில் நான் எழுதியவை:
பயிற்சி. பயிற்சி. சுயபாதுகாப்பு. பயிற்சி.
"என்ன காரணம் போட?"
யோசித்தாள்.
"கரண்ட் பில் கட்ட மறந்துட்டேன்."

கோப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
பக்கத்துவீட்டுக்காரரை விசாரித்திருக்கிறோம்.
பேங்க் மேனேஜரை விசாரித்திருக்கிறோம்.
வழக்கு இல்லை, குடி இல்லை, நன்னடத்தை,
எங்கள் சீல், எங்கள் தேதி.
அவளைக் கேட்டதாக
ஒரு வரி இல்லை.
அந்த விசாரணைக்குப் போனது நானா என்று
கையெழுத்தைத் தேடினேன்.
நான் இல்லை.
அதில் பெரிய ஆறுதலும் இல்லை.

விதிகளைச் சொன்னேன்.
வாரிசு பேருக்கு மாற்றலாம்,
டீலருக்கு விற்கலாம்,
அரசிடம் ஒப்படைக்கலாம்.
"உடைக்க முடியாதா?"
"உடைப்போம். உத்தரவு வரணும்,
நாள் சொல்ல முடியாதும்மா."
"சொல்லி அனுப்புங்க.
லீவு போட்டுட்டு வரேன்."

ரசீது வாங்கி நான்காக மடித்தாள்.
கூடையை உதறினாள்,
ஒரு காய்ந்த கறிவேப்பிலை
என் மேசையில் விழுந்தது.

கட்டத்தில் எழுதினேன்: மின்கட்டணம்.
இன்ஸ்பெக்டர் சிவப்பில் வட்டம் போட்டு
கேள்விக்குறி வைத்தார்.
நான் அடிக்கவில்லை.

வாக்கு எண்ணி முடிந்ததும்
எல்லாரும் வந்தார்கள்.
நகைக்கடைக்காரர் குழலை முகர்ந்து பார்த்து
துருவோ என்று சந்தேகப்பட்டார்.
கடைசியில் ஒன்று மட்டும் மிச்சம்,
கழுத்தில் சணல் கட்டி, அட்டை தொங்க.
அட்டையில் அவள் போன் நம்பர்.

இன்று விடியற்காலை மழை.
ஐப்பசி பிறந்துவிட்டது.
உத்தரவு வரவில்லை.
இருந்தும் இரண்டு முறை
அந்த நம்பரை
எடுத்துப் பார்த்துவிட்டேன்.