நானூறு வாரங்கள்

வால்பேப்பர் சுருள் ஒன்று மிச்சமிருந்தது.
அதன் முதுகில்தான் பத்து வருடங்களுக்குக் கோடு போட்டேன்.
சமையல் மேசை போதவில்லை;
ஒரு நுனிக்குச் சர்க்கரை டப்பா,
மறு நுனிக்கு முர்டோவின் பூட்ஸ்.
வருடத்துக்கு நாற்பது வாரம். டாம்சினுக்கு ஆறு வயது.
நானூறு கட்டங்கள்.
கிரேக்கர்கள் இங்கே, பின்னங்கள் இங்கே,
பதினைந்தாம் வயதின் ஏதோ ஒரு புதன்கிழமையில்
ஒளிச்சேர்க்கை.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
அதன்பிறகு அப்படித் தூங்கியதாக நினைவில்லை.

மனியடோடோ சமவெளியில் குடியிருப்பவள்
மறக்கக் கூடாததை மறந்திருந்தேன்:
செப்டம்பரில் ஆடுகள் ஈனும்.
ஐந்து வாரம்.
அடுப்பருகே அட்டைப்பெட்டியில் குட்டி,
அட்டைப்பெட்டியருகே டாம்சின்,
ஏழாம் வாய்ப்பாடு எங்கேயோ.
கம்பளி கத்தரிக்க ஒரு வாரம். ஜூலைப் பனிக்கு இரண்டு.
ஆள் மாற்றி ஆள் படுத்த காய்ச்சலுக்கு இரண்டு.
கணக்குப் புத்தகத்தில் நூற்றிருபது பாடம்,
வாரம் நான்கு வீதம் முப்பது வாரம்.
நாற்பதில் பத்து போனால் முப்பது.
மீதி பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் மூச்சுவிட இடமில்லை என்று
அந்த வருடம் நான் கற்றுக்கொண்டேன்.
டாம்சின் கற்றுக்கொண்டது,
கால் மடங்கி வரும் குட்டியை
உள்ளே கைவிட்டுத் திருப்ப.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன், சின்ன எழுத்தில்.

வரலாறு நான்கு வருடச் சுற்று.
ருவாரி உட்காரும் வயதில்
அக்காவின் வண்டி ரோமைத் தாண்டிக்கொண்டிருந்தது.
நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டேன்.
எஃபி ஏறியது பிரெஞ்சுப் புரட்சியில்.
அவளைப் பொறுத்தவரை
ஒரு ராஜாவின் தலை உருண்டு உலகம் தொடங்குகிறது,
பிறகு ரயில், பிறகு இரண்டு போர்,
எல்லாம் முடிந்த பின்னால்தான் பிரமிடு கட்டுகிறார்கள்.
“எஞ்சின்தான் இருந்ததே,
ஏன் கல்லைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள்?”
பதில் சொல்ல வாரம் ஒதுக்கியிருக்கவில்லை.

அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி உண்டு:
பள்ளியில் போலவே ஒழுங்காகவும், நன்றாகவும்.
ருவாரியின் ஆறாம் வயதுக் கட்டத்தில்
‘வாசிப்பான்’ என்று எழுதியிருந்தேன்.
அழித்து, ஏழில் எழுதினேன்.
அழித்து, எட்டில்.
ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து
மறுபக்கத்து நீலப்பூ தெரிந்தது.
ஒழுங்கா, நன்றா,
எதை முதலில் விடுவது
என்று படுக்கையில் முர்டோவைக் கேட்டேன்.
“வேலியை முதலில் சரிசெய்யணும்” என்றார்
தூக்கத்தில்.

ஒன்பது வயது, இரண்டு மாதம்.
கம்பளிக் கொட்டகையில் குடற்புழு மருந்து டிரம்.
யாரும் கேட்கவில்லை.
விரல் வைத்து, மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து,
“கொடுத்துப் பத்து நாள் ஆகும்முன்
இறைச்சிக்கு அனுப்பக் கூடாது” என்றான் ருவாரி.
முர்டோவின் முழங்காலிடுக்கிலிருந்து
ஆடு நழுவி ஓடியது.
நான் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும்.
“அடுத்த வரி?” என்றேன்.
அடுத்த வரியும் படித்தான்.
காலி டிரம்மை ஓடையருகே போடாதே என்றிருந்தது.

டாம்சினுக்கு இப்போது பதினான்கு.
ஒளிச்சேர்க்கையைப் பத்து வயதிலேயே
டர்னிப் வயலில் நின்று முடித்துவிட்டாள்,
அந்தப் புதன்கிழமை இனி சும்மா கிடக்கும்.
பின்னம் இன்னும் நொண்டுகிறது.
போன வாரம் சுருளை விரித்தாள்,
ஓரங்களை மட்டும் வாசித்தாள்,
நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சுருட்டினாள்.

மின்கட்டண உறையின் பின்புறம் எழுதுகிறேன்
இப்போதெல்லாம்.
திங்கள்: பாடம் எழுபத்துநான்கு.
மழை பெய்தால்
எழுபத்தைந்தும்.