ஏழாம் வளையம்

முதலாவது, ஜாம் போத்தலில் வந்தது.
கிரான் பஸ்ஸில், சாரதியின் காலடியில்,
மூடியில் ஆணியால் குத்திய மூன்று துளைகளோடு.
அனுப்பியவர் சீனித்தம்பி,
குடும்பிமலைப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்.
"மருந்துமணத்தான்" என்றார் போனில்.
"தொட்டா விரலெல்லாம் ஆசுபத்திரி கா."

மணந்தது. அயடின்.
வந்தாறுமூலை ஆய்வுகூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக்
கால்களை எண்ணினேன்.
ஆயிரங்காலி என்பது சும்மா வாய்க்கணக்கு.
மரவட்டையின் முதல் வளையத்துக்குக் காலே இல்லை,
அடுத்த மூன்றுக்கு ஒவ்வொரு சோடி,
மறுகா இரண்டிரண்டு.
நூற்றெண்பத்தாறு.
மின்சாரம் போய் வந்தபின் திரும்ப எண்ணினேன்.
நூற்றெண்பத்தாறு.

ஏழாம் வளையத்தில் எல்லாக் கால்களும்
கால்களாகவே இருந்தன.
பெண்.
பெண்ணை வைத்துப் பெயர் சொல்ல முடியாது,
இவற்றில் அப்படித்தான்.
ஆணுக்கு அந்த வளையத்தில்
நடப்பதை விட்டுவிட்ட கால்கள் உண்டு,
கூடலுக்கென்று வளைந்துபோனவை.
அந்த வளைவில், மயிரளவு கொக்கியில்
எழுதியிருக்கிறது இனம்.

கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம்.
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய ஏணி.
இதே சொற்களை வேறு மேசைகளிலும் கேட்டிருக்கிறேன்.
எனக்குப் பேச வந்த தரகர் ஐந்தாவதில் நின்றார்.
சாவடியில் நின்றவன் நேரே ஆறாவதுக்குப் போனான்.
அவனுக்கு நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை.
அங்கேயும் அட்டையைத்தான்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஐப்பசி மழைக்கு ஆண் வந்தது,
ஹோர்லிக்ஸ் போத்தலில், உக்கிய பாலைமரத் துண்டோடு.
நடக்கும் கால் நான்கு குறைவு.
ஊசிமுனையால் ஏழாம் வளையத்தை விரித்தேன்.
வெள்ளாமை வெட்டும் தாக்கத்தியின் வளைவு,
அதன் நுனியில் ஒரு தூண்டில் முள்,
முள்ளின் பக்கத்தில் ஒரு இறகு,
இறகு ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எந்தப் படத்திலும் அது இல்லை.
அன்றிரவு சோறு தின்ன மறந்து
இலத்தீனில் பெயர்கள் யோசித்தேன்.
அங்கே ழகரத்துக்கு இடமில்லை.
ஆளின் பெயரை வைத்தால் ஆணுக்கொரு வால், பெண்ணுக்கொரு வால்.
சீனித்தம்பிக்கு வால் வைத்துப் பார்த்தேன்.
சிரித்தேன்.

பிறகு அந்த அரைப் பக்கம் கிடைத்தது.
நூற்றிருபது வருசத்துக்கு முந்திய ஜெர்மன்,
படமில்லை, நிறம் "கறுப்பு", கால் ஓரம் "மங்கல் சிவப்பு".
பிடித்த இடம்: சிலோன்.
அவ்வளவுதான். ஒரு முழுத் தீவு.
இதுவாகவும் இருக்கலாம்.
இதுவென்றால் அந்தப் பெயரே நிற்கும்.
முந்தி வைத்தவனுக்கே முதலிடம்,
மற்றதெல்லாம் இணைப்பெயர். அதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தை மலைக்கு யாரும் சொல்லவில்லை.
குடும்பிமலை என்கிறோம்.
பலகையில் தொப்பிகல.
வெள்ளைக்காரன் வரைபடத்தில் யாரோ பிரபுவின் தொப்பி.
கொண்டையோ தொப்பியோ,
எல்லாருக்கும் அது ஒரு தலையாகத்தான் தெரிந்திருக்கிறது.

சிட்டை இரண்டு விரல் அகலம்.
அற்ககோலில் பேனை மை கரையும், பென்சில் கரையாது.
எழுதினேன்:
குடும்பிமலை. மாட்டுப்பட்டிக்குத் தெற்கே,
உக்கிய பாலை அடிக்கட்டை.
பிடித்தவர் சீனித்தம்பி. ஆண்.
இனம் என்ற கட்டத்தில்
பென்சிலை வைத்து எடுத்தேன். ஒரு புள்ளி விழுந்தது.

மறுநாள் போன்.
"பேர் வச்சாச்சா?"
இன்னும் இல்லை என்றேன்.
முந்தி ஒருவர் வைத்திருக்கலாம்,
அவருடைய போத்தலைப் பார்க்கவேண்டும்,
அது ஜெர்மனியில், உடையாமல் இருந்தால்.

கொஞ்ச நேரம் மாடுகளின் மணிச்சத்தம் மட்டும் கேட்டது.
"இஞ்ச இன்னொரு சாதி நிக்குது," என்றார்,
"இது மணக்குதில்ல.
அனுப்பவா, விடவா?"