இடக்காது

ஓவர்டைம் காசு ஆயிரத்து இருநூறு.
கேஸ் சிலிண்டருக்கு ஒதுக்கியது போக
கையில் எண்ணூறு.
எண்ணூறுக்குள் நல்ல சத்தம் வேணும் என்றேன்.
நல்ல சத்தம்னா இன்னா, என்றான் ஜுல்ஃபிகர்.
ஆம்பூர் பஜாரில் செல்போன் கவர் தொங்கும் கடைகளில்
திருப்பிக் கேள்வி கேட்கிறவன்
இவன் ஒருத்தன்தான்.

முதல் ஜோடியில் ஏதோ ஒரு பாட்டு போட்டான்.
கல்யாண வீட்டு ஜெனரேட்டர் பக்கத்தில்
பந்தி கிடைத்த மாதிரி இருந்தது.
பாடுகிறவள் எங்கோ சமையற்கட்டில் இருந்தாள்.
பசங்க இதைத்தான் வாங்குறாங்க என்றான்.
நான் பையன் இல்லையே.

என்னிடம் என் சொந்தச் சரக்கு இருந்தது.
போன சித்திரையில் பாரதக் கூத்து,
விடியற்காலை மூன்று மணிக்கு
மணலில் உட்கார்ந்து எடுத்த வீடியோ, பதினொரு நிமிஷம்.
நடுவில் ஆர்மோனியம்.
வலப்பக்கம் மிருதங்கம்.
இடப்பக்கம், என் முட்டிக்கு முன்னால், முகவீணை.
பின்னால் யாரோ ஒரு பொம்பளை
"தலைய சாய்ச்சிக்கோம்மா, மறைக்குது" என்பாள்.
அது நான்தான், மறைத்தது.

அந்த அம்மா குரல் எதில் பக்கத்தில் கேட்கிறதோ
அதை வாங்குவது என்று கணக்கு.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில்
மிருதங்கம் ஈர மூட்டை.
அறுநூற்றைம்பதில் சலங்கை நன்றாயிருந்தது,
முகவீணை மட்டும் போர்வைக்குள் ஊதியது.
இடது சரியில்லை என்று கழற்றிக் கொடுத்தேன்.
எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது, ப்ளூடூத்,
பாலீஷ் போட்ட டப்பா.
இதிலும் இடது சரியில்லை.
இன்னாடா கம்பெனி நடத்துறாங்க என்றேன்.

ஜுல்ஃபிகர் கீழ்த்தட்டில் குனிந்து
மூலை நசுங்கின ஒரு பெட்டியை எடுத்தான்.
வயர் வெச்சது. யாரும் கேக்குறதில்ல.
அதுல பாதிக் காசு பேட்டரிக்குப் போவுது,
இதுல அத்தினியும் சத்தத்துக்கு.

உண்மைதான்.
ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விட்டது.
கட்டை விரல் தோலில் உரசுவதுகூடக் கேட்டது.
பின்னாலிருந்த அம்மா என் பிடரியில் பேசினாள்.
முகவீணை?
அதே போர்வை.

இதுவும் இடது போச்சு, என்றேன்.
அவன் எதுவும் பேசவில்லை.
இரண்டு மொட்டையும் வாங்கித் துடைத்து
மாற்றிப் போடச் சொன்னான்,
எல் என்று எழுதியதை வலக்காதில்.

போட்டேன்.
தகரத்தில் ஆணி கிழிக்கிற மாதிரி
அத்தனை அழகாக
வலக்காதில் முகவீணை.

அப்புறம் மற்ற மூன்றையும்
நானே கேட்டு வாங்கி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.
எல்லா இடதும் யோக்கியமாக இருந்தன.

எங்க வேலை, என்றான்.
ஷூ கம்பெனி, கிளிக்கிங் மெஷின்.
கம்ப்ரஸர்?
இடப்பக்கம். ஒன்பது வருஷம்.
எங்க அண்ணனும் தோல்ஷாப் டிரம்லதான், என்று சொல்லி
என் போனை வாங்கினான்.
செட்டிங்ஸில் எங்கெங்கோ நுழைந்து
ஒரு கோட்டின் நடுவில் நின்ற புள்ளியை
சோற்றில் கல்லை ஒதுக்குகிற மாதிரி
இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினான்.

முகவீணை எழுந்து வந்தது.
முழுசாக இல்லை.
முட்டிக்கு முன்னால் இருந்தது
நாலு ஆள் தள்ளி.

எழுநூற்றைம்பது. எழுநூறு குடு என்றான்.
பேரம் பேச வாயெடுக்காமல் விலை குறைந்தது
எனக்கு அதுதான் முதல் தடவை,
பிடிக்கவில்லை.

பெட்டிக்குள் சின்னது பெரியது என்று
உபரி ரப்பர் நாலு.
திங்கட்கிழமை அதில் ஒன்றை வலக்காதில் செருகிக்கொண்டு
மெஷினில் நின்றேன். நடுவில் ஓட்டை, ஒன்றும் அடைக்கவில்லை.
பஞ்சு வைத்தேன்.

ஏகவள்ளி எப்போதும் என் இடப்பக்கம் நடப்பாள்.
மெதுவாகப் பேசுகிறவள், நல்ல அடக்கம் என்று
எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.
அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில்
பஞ்சை எடுத்துவிட்டு
அவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

என்னா தொண்டை அவளுக்கு.