துருசுக்கும் கடை வயலுக்கும் நடுவில்

வவுனிக்குளம் இன்று
இருபது அடி இரண்டு அங்குலம்.
நடுத் துருசு திறப்பது வியாழன் காலை ஆறு மணி.
கீரி சம்பா விலை, யூரியா வரும் நாள்,
கமக்காரர் அமைப்புச் செயலாளரின் போன் நம்பர்.
அவ்வளவுதான் எங்கள் இணையத்தளம்.
கடவுச்சொல் கேட்பதில்லை. பெயர் கேட்பதில்லை.

மேல் மூலையில் மட்டும்
சாம்பல் எழுத்தில் ஒரு முணுமுணுப்பு:
பாதுகாப்பற்றது.

பொருளாளர் சிவநேசு சிரித்தார்.
"தண்ணி மட்டத்துக்கு என்ன பூட்டு, தங்கச்சி?
அணைக்கட்டில ஏறி நிண்டா மாட்டுக்கும் தெரியும்."
சரிதான் என்று கூட்டறிக்கையில் எழுதினேன்:
தேவையில்லை.

ஆனியில் பாலிநகர் வில்வராசா வந்தார்,
கையில் மனைவியின் சங்கிலிக்கு அடகுச் சீட்டு.
"நீங்கள்தானே போட்டிருந்தனீங்கள்,
தண்ணி மட்டத்துக்குக் கீழ,
ஐஞ்சு நிமிசத்தில கடன் எண்டு?"

நான் போடவில்லை.
மல்லாவியில் ஏதோ ஒரு கடையின் இலவச வைஃபை
போகிற வழியில் செருகியிருந்தது,
எங்கள் பெயருக்குக் கீழே,
எங்கள் எழுத்தின் அதே பச்சை நிறத்தில்.

பூட்டென்றால் ஒளிப்பதற்கென்றே
நானும் நினைத்திருந்தேன்.
இடம்பெயர்ந்திருந்த காலம்
செஞ்சிலுவைக் காகிதத்தில் அப்பாவுக்கு எழுதினோம்.
உறை இல்லை. குடும்பச் செய்தி மட்டும்.
"நாங்கள் சுகம். ஆடு குட்டி போட்டது."
ஆர் வாசித்தாலும் வாசிக்கட்டும்,
ஆடு ஆடாகவே போய்ச் சேர வேணும் என்று
அம்மா ஒவ்வொரு எழுத்தையும்
பேனை முறிய அழுத்தி எழுதினா.

குளத்துக்கு யார் பூட்டுப் போட்டது?
துருசுக்குப் போடுகிறோம்.
இரவில் வாய்க்காலை வெட்டித் திருப்புகிறவனை
கடை வயல்காரனுக்குத்தான் தெரியும்.

சான்றிதழ் இலவசம். தொண்ணூறு நாள் வயது,
மூன்று மாத நெல் மாதிரி;
மறந்தால் முழுத் தளமும் சிவப்பாகிவிடும்.
சிவநேசு ஒப்பமிட்டார், சிரிக்கவில்லை.

இப்போது அம்பலப்பெருமாள்குளம் கதிரமலையரின்
பழைய போனில் எங்கள் தளம் திறப்பதே இல்லை.
அதற்கு இந்தப் பூட்டு விளங்காது.
விடிய ஐந்தரைக்கு அழைக்கிறார்,
பஸ்ஸுக்குள் இருந்து, எல்லாரும் கேட்க.
"எத்தின அடி?"
பதினெட்டு.
"எட்டோ?"
லைன் இரைகிறது.
இல்லையண்ணை, பதி... பதினெட்டு.
"ஓமோம், எட்டாம்" என்கிறார்
பக்கத்து சீட்டுக்காரரிடம்.