கோட்டின் மேல்

பூசைக் குறிப்பேட்டில் இரண்டே பத்திகள்.
இறந்தோர் இடப்பக்கம்.
நன்றி, சுகம், பரீட்சை, விசா, வீட்டுக்கடன்
எல்லாம் வலப்பக்கம்.
பதினெட்டு வருடம் அந்த நோட்டை எழுதினேன்
அலசூர் ஏரிக்குப் பின்தெருக் கோயிலில்.
என்னை அவர் தாசில்தார் என்றுதான் கூப்பிடுவார்.

ஃபாதர் சந்தியாகு.
அதற்கு முன்னால் சேப்பர் சந்தியாகு.
இடது கையில் சுண்டுவிரலும் அடுத்ததும் இல்லை.
மிச்ச மூன்றைச் சேர்த்து அப்பத்தை உயர்த்துவார்.
முன்வரிசைப் பிள்ளைகள்
அப்பத்தை விட்டுவிட்டு விரலை எண்ணும்.
"எண்ணியாச்சா?" என்பார் பூசை முடிந்து,
"சரி, அடுத்த வாரம் அப்பத்தைப் பாருங்க."

ஆறு மணிப் பூசைக்கு நடுவே
பட்டாள முகாமின் பியூகிள் ஏரியைத் தாண்டி வரும்.
ஒரு மூச்சு நிறுத்துவார்.
நாங்களும் நிற்போம்.
பூசைப் புத்தகத்தில் அப்படி ஒரு மௌனம் கிடையாது.

புல்லில் கால் வைக்கமாட்டார்.
கப்பன் பார்க்கில் மறைக்கல்விப் பிள்ளைகள்
பந்தோடு பந்தாய் உருள,
இவர் மட்டும் சிமெண்ட் விளிம்பில்
செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து
எல்லார் டிபன் பாக்ஸுக்கும் காவல்.

கொடியேற்றத்தன்று ஒரு வருடம்
முதல் பாட்டு தமிழிலா கன்னடத்திலா என்று
வாசலில் கல் விழுந்தது.
அங்கியோடு வெளியே வந்தார்.
ஒரு அடி. நிறுத்தம். ஒரு அடி.
பாதத்துக்கு முன்னால் தரையைப் பார்த்தபடி
இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போனார்,
குனிந்தார்,
ஒவ்வொரு கல்லாய்ப் பொறுக்கி அங்கியில் போட்டார்.
கீழே விழும் சத்தமே வராமல்.
ஒரு கல்லை ஒருவன் கையிலிருந்தே வாங்கினார்.
அந்த வருடம் கொடி பாட்டில்லாமல் ஏறியது.

ஒருநாள் கரண்ட் போன சாயங்காலம்
கணக்கில் கையெழுத்துப் போட உட்கார்ந்தவர்
பேனாவைத் திறக்காமலே சொன்னார்:

"எழுபத்தொன்னு டிசம்பர். கோதுமை வயல்.
ராத்திரியில நாங்க புதைச்சது நாப்பத்திரண்டு.
சண்டை நின்னதும் தோண்டி எடுத்தது நாப்பத்தொன்னு.
வரைபடம் சரியாத்தான் இருந்துச்சு, தாசில்தார்.
மழையில மண்ணு நகர்ந்திருக்கும்.
மூணு நாள் தேடினோம். ரயில் வந்துடுச்சு."

விரலைப் பார்த்தேன்.
சிரித்தார்.
"இதுவா? செமினரி மரப்பட்டறை,
நாற்காலிக் கால் அறுக்கும்போது.
போர்ல எனக்கு ஒரு கீறல்கூட இல்ல.
அங்கதான் கணக்கு உதைக்குது."

மெழுகுவர்த்தி தேடப் போனேன்.
திரும்பி வந்தபோது
கையெழுத்து எல்லாம் போட்டு முடித்திருந்தார்.

முதல் வெள்ளிதோறும்
தன் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் வைப்பார்.
நோட்டைத் தன் பக்கம் திருப்பி
அவரே எழுதுவார்:
'நாற்பத்திரண்டாவதின் மேல் நடப்பவருக்காக.'
எழுத்து இடப்பத்தியில் தொடங்கி
நடுக்கோட்டின் மேலேறி
வலப்பத்தியில் போய் முடியும்.

ஃபாதர், எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டேன்.
ஆடிட்டர் கேட்பார் என்றும் சொன்னேன்.
"நடந்துட்டாங்களா,
இனிமேத்தான் நடப்பாங்களா,
இல்ல ஒரு எருமைமாடா,
எனக்கு எப்படித் தெரியும்?"
மூன்று விரலால் நோட்டை மூடினார்.

ஜூன் மழையில் போய்ச் சேர்ந்தார். சிறுநீரகம்.
முகாமிலிருந்து நாலு பேர் வந்து சல்யூட் அடித்தார்கள்;
அதில் ஒருவருக்கு இவர் பெயர் தெரியாது,
என்னிடம் கேட்டுக்கொண்டார்.

புது ஃபாதருக்கு முப்பத்தொரு வயது. நல்ல பையன்.
நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுக்
கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்.
திரையில் இரண்டு வட்டம்.
இறந்தோர். உயிருள்ளோர்.
ஒன்றை அழுத்தினால்தான் ரசீது வரும்.
நடுவில் கோடு இல்லை.
வெறும் வெள்ளை.
அம்பை அங்கே கொண்டுபோய்
எத்தனையோ தரம் அழுத்திப் பார்த்துவிட்டேன்.

காணிக்கை இப்போது நூறு ரூபாய். நானே கட்டுகிறேன்.
போன முதல் வெள்ளி இடது.
இந்த வெள்ளி வலது.
அடுத்தது இடது.