நான்காம் கவுண்டர்

பத்து மணிக்கு ஷிப்ட் முடிகிறது.
கம்பெனி வேன் பழையபேட்டை முனையில்
என்னை இறக்கிவிடுகிறது.
லாரிகளை இறக்கிவிடுவதில்லை.
அவை என்னோடு மாடிப்படி ஏறி வரும்:
பெங்களூர் போகும் தக்காளி,
ஓசூர் போகும் இரும்புக் கம்பி,
ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை என்று
என் அம்மாவைத் திட்டிய வெள்ளைக் கார்.
கண்ணை மூடினால் தடுப்புக்கட்டை
எழும், விழும்,
எழும், விழும்.
இரவு மூன்று மணிக்கும்
சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் பாதி மாத்திரை எழுதினார்.
மறுநாள் ஒரு டெம்போவுக்கு பஸ் கட்டணம் போட்டேன்.
வித்தியாசத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
மூன்றாம் கவுண்டர் மல்லம்மா
கசகசா அரைத்துப் பாலில் கலக்கச் சொன்னாள்.
குடித்தேன். ருசியாக இருந்தது.
தூக்கம் வரவில்லை.

பிறகு ஒரு வைகாசி இரவு. கரண்ட் இல்லை.
மாம்பழக் கூழ் ஃபேக்டரிப் பக்கமிருந்து
புளித்த இனிப்பாய் ஒரு காற்று.
புழுக்கத்தில் நைட்டியைத் தளர்த்திவிட்டுப் படுத்திருந்தேன்.
எங்கே போகிறோம் என்று
கை என்னிடம் கேட்கவில்லை.
முதலில் ஒரு விசாரிப்பு மாதிரி.
அப்புறம் விலாசம் கிடைத்துவிட்ட மாதிரி.
முப்பத்தொன்பது வயதில்
என் உடம்பிலேயே நான் பார்த்திராத ஓர் ஊருக்கு
பஸ் மாறாமல் போய்ச் சேர்ந்தேன்.
அதற்குப் பிறகு?
ஒன்றுமில்லை.
காலை ஆறரை. பால்காரர் மணி.
வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது.

மாரப்பன் இருந்த காலத்தில்
முடிந்ததும் அவன் அப்படித்தான் தூங்குவான்,
கல் கிணற்றில் விழுந்த மாதிரி.
நான் விழித்திருந்து ஓடுகளை எண்ணுவேன்.
அந்தத் தூக்கம் ஆம்பளைகளுக்கு மட்டும்
அளந்து கொடுக்கப்பட்டது என்றே நினைத்திருந்தேன்.
அவன் போய் ஆறு வருடம்.
இதைச் சொன்னால் சிரித்திருப்பான்,
கொஞ்சம் கோபப்பட்டுவிட்டு.

இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது.
ரசம் சோறு. தட்டைக் கழுவுவது.
வெந்நீரில் காலை வைப்பது
(டீசல் கரி கணுக்காலில்தான் ஒளிந்துகொள்ளும்).
போனை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடுவது.
தாழ்ப்பாள், மேலேயும் கீழேயும்.
ஃபேன் மூன்றில்.
நினைத்துக்கொள்ள யாராவது வேண்டும் என்றில்லை.
சில நாள் ஒரு முகம் வரும்,
நிறுத்தாமல் அனுப்பிவிடுவேன்.
சில நாள் வெறும் தண்ணீர்:
மதகு திறக்குமுன் கே.ஆர்.பி. அணையில்
கனத்து நிற்குமே, அது.
பின்னால் ஹாரன் அடிக்க ஒருவருமில்லை.
முடிந்ததும் முதுகெலும்பு
ஒவ்வொரு கண்ணியாகப் பாயில் இறங்கும்.
தாடை தளரும்; நாள் முழுக்க அதைக்
கடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும்.
தலைக்குள் கட்டை எழுந்து
எழுந்தபடியே நிற்கும்.
போங்கள் எல்லோரும்.

வராத நாளும் உண்டு.
திரும்பிப் படுத்துக்கொள்வேன்.
இதையும் ஒரு டியூட்டி ஆக்கிக்கொள்ள இஷ்டமில்லை.

இதற்கு என்ன பெயர்?
டாக்டர் பதில் சொல்லும் பத்திரிகைப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது,
படித்தால் வியாதி மாதிரி கேட்கிறது.
பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில்
பையன்கள் கிறுக்கிய ஒன்று இருக்கிறது.
அது அவர்களுடையது.
எனக்கென்று தேடிப் பார்த்தேன்,
கிடைக்கவில்லை.
நான் 'விளக்கணைக்கிறது' என்று வைத்துக்கொண்டேன்.

நேற்று மல்லம்மாவின் கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.
"என்னாத்தடி சாப்பிடுற நீ, மூஞ்சி தெளிஞ்சு கெடக்குது?"
பாலுதான் என்றேன்.
"கசகசாவா?"
ஆமாம் என்றேன்.
எங்களுக்கு நடுவில் கண்ணாடி.
ஒரு சிமெண்ட் லாரி வந்து நின்றது,
அதற்குப் பின்னால் இன்னொன்று.

அவள் படுக்கும் உள்ளறைக் கதவுக்குத்
தாழ்ப்பாளே கிடையாது.
வார்த்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
முதலில் ஒரு தாழ்ப்பாள், நாலு திருகாணி.
ரவுண்டானா பக்கத்து இரும்புக்கடை
ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவான்.
வியாழக்கிழமை எனக்கு லீவு.