பன்னிரண்டு இலக்கம்

லாரி வராத இரவு ஷிப்டில்
என் ஐசி எண்ணை வகுத்துக்கொண்டிருப்பேன்.
ஊத்தான் மெலிந்தாங், ஆலை வாசல்,
நிறுவைப் பாலத்துக் கிராணி.
கூண்டுக்குள் மேசை விசிறி, கால்குலேட்டர்.
வெளியே அவிந்த செம்பனைப் பழத்தின் புளித்த வாடை.

முழு எண்ணையும் சொல்ல மாட்டேன்,
சொல்லக்கூடாதென்று பேங்கில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
எழுபத்தொன்பதில் தொடங்கும்.
நடுவில் சுழியமும் எட்டும், அது பேராக்.
முடிவில் முப்பத்தாறு, ஆகவே நாலால் போகும்.
இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பத்து நாலு,
ஆகவே ஒன்பதாலும்.
இரண்டையும் கழற்றினால்
மிஞ்சுகிற பதினோரு இலக்கம்தான் மசியவில்லை.
ஏழு முட்டித் திரும்பியது, பதினொன்று, பதின்மூன்று.
இதுதான் பகா எண் என்று சத்தியம் செய்ய
ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் வரை
பதின்மூவாயிரத்துச் சொச்சம் பகா எண்களைத்
தட்டிப் பார்க்க வேண்டும்.
இரவுக்குப் பத்து என்றால் நாலு வருஷம் நெருங்கும்.
இரண்டாயிரத்து மூன்றில் நிற்கிறேன்,
வருஷத்தைச் சொல்லவில்லை.

ஆனாலும் அது மிச்சம்தான், நான் இல்லை.
ஆண்களின் எண் ஒற்றைப்படையில் முடியும்,
எங்களுடையது இரட்டைப்படையில்.
இந்த நாட்டில் ஒரு பெண்கூடப் பகா எண் கிடையாது.
பதிந்த அன்றே இரண்டு உள்ளே வந்து
உட்கார்ந்துவிடுகிறது.

"அப்ப நான் பகாவா அக்கா?"
லாரிக்கார வடமலைக்கு ஆசை.
தட்டினேன். மூன்றால் போனது.
முகம் விழுந்துவிட்டது மனுஷனுக்கு.
சீட்டின் கடைசி நாலு இலக்கத்தை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்,
விடிந்ததும் நம்பர் கடை.

குழந்தைசாமிக்கு எண்ணே இல்லை.
குலை ஏற்றுகிறவன், முப்பத்தொரு வயது,
லயத்தில் பிறந்தான், யாரும் பதியவில்லை.
பதிவிலாகாவுக்கு ஒன்பது தடவை நடந்தாயிற்று.
கம்ப்யூட்டரோ பன்னிரண்டு இலக்கம் இல்லாமல்
அடுத்த கட்டத்துக்கு நகராது.
பன்னிரண்டு சுழியம் போட்டுவிடு,
முன்பிருந்த கிராணி காட்டிய வழி.

சுழியத்தை எது வேண்டுமானாலும் வகுக்கும்.
ஏழு வகுக்கும். பதினேழு வகுக்கும்.
காண்டிராக்டர் வகுப்பார்.
ஐசி எடுத்துத் தருகிறேன் என்று
எண்ணூறு வெள்ளி வாங்கியவன் வகுத்தான்.
மீதி வந்ததே இல்லை.

நேற்று மணி மூன்றே கால்.
குலைகளின் மேல் உட்கார்ந்து
பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.
ஒன்பதைத் தட்டினேன், பத்து முறை.
பிறகு எட்டு. பிறகு ஒன்பது.
பன்னிரண்டு இலக்கத்தில்
இதைவிடப் பெரிய பகா எண் கிடையாது.
ஒற்றைப்படை, ஆணுக்குப் பொருந்தும்.
தொண்ணூற்றொன்பதாம் மாதம்
தொண்ணூற்றொன்பதாம் தேதி பிறந்தவன்.
கம்ப்யூட்டர் சற்று யோசித்தது.
பிரிண்டர் கரகரத்தது.

கண்ணாடித் துளைவழி நீட்டிய சீட்டை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"இது யாரு அக்கா?"

இருபத்து நாலு டன், அறுநூற்று எண்பது கிலோ.
லாரி, குலை, அவன்,
பாதி பாக்கெட் பிஸ்கட்.